அரைத் தாளுக்கு ஒரு பை

ஜனவரி 18, புதன்

இந்த டைரிக்குத் தோல் உறை போட்டது நான். உள்ளே எழுதுவது எழிலரசி. எனக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது.

ஏதோ ஒரு வங்கி நூலகத்துக்கு இலவசமாகக் கொடுத்த டைரி இது. அட்டை வெறும் பிளாஸ்டிக். பார்க்கச் சகிக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போய் வெள்ளாட்டுத் தோலில் உறை போட்டுக்கொண்டு வந்தேன். எழில் சிரித்தாள்.

"சட்டை தெச்சுட்டீங்க பெரிப்பா. உள்ள உடம்பு வேணாமா? யாரு எழுதறது?"

"நீ எழுது. நான் சொல்றேன்."

"என்னைப் பத்தித் திட்டினா அதையும் எழுதணுமா?"

"அதைக் கொட்டை எழுத்துல எழுது."

எழில் இந்தக் கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறாள். தோல் பதனிடும் டேனரியில் என்னோடு வேலை செய்த துரைக்கண்ணுவின் மகள். மதியம் நூலகத்தைச் சாத்திவிட்டுச் சாப்பிட்ட பிறகு பின்கட்டில் அரை மணி நேரம் எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரி எழுதாமல் புத்தகத்தில் இருக்கிற மாதிரி மாற்றி எழுதுகிறாள். எழுதி முடித்ததும் ஒரு முறை படித்துக் காட்டுகிறாள். கேட்டால் யாரோ படித்த மனிதன் சொன்னது போல இருக்கிறது.

ஜனவரி 19, வியாழன்

பனி. பசை காயவில்லை.

ஜனவரி 21, சனி

ரேஷன் கடையில் மறுபடியும் தகராறு. கட்டை விரலை வைத்தால் மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டுகிறது. "ரேகையே விழல பெரியவரே, கையைத் தொடைச்சுட்டு வையுங்க" என்கிறான் கடைக்காரன். தோலை உரித்துவிட்டு வைத்தாலும் விழாது. இருபத்திரண்டு வருடம் சுண்ணாம்புக் குழியில் நின்று பச்சைத் தோலை இழுத்துப் போட்ட கை இது. மயிரைத் தின்னுகிற சுண்ணாம்பு ரேகையையா விட்டுவைக்கும்?

இடது கைச் சுண்டு விரலை வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. குழி ஆட்கள் எல்லோருக்கும் இது தெரியும். சுண்டு விரல் மட்டும்தான் தோலை அழுத்திப் பிடிக்காது. அந்தக் காலத்திலேயே சம்பள ரிஜிஸ்தரில் நாங்கள் சுண்டு விரல்தான் வைப்போம். குமாஸ்தா எங்களைச் 'சுண்டு கோஷ்டி' என்பார்.

கோதுமை இல்லை என்று சொல்லிவிட்டான். இதற்கு ஒரு ரேகை.

ஜனவரி 24, செவ்வாய்

கல்லூரி வாத்தியார் ஒருவர் தன் கவிதைப் புத்தகத்துக்கு உறை கேட்டிருந்தார். கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டு, "நிஜத் தோல்தானா?" என்றார். நிஜத் தோல்தான், ஆனால் கவிதை நிஜமா என்று எனக்குத் தெரியாது என்றேன். எழில் அலமாரிக்குப் பின்னால் போய்ச் சிரித்தாள்.

இந்த வேலையை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. பொழுதுபோக்கு. தரம் பிரிக்கிற மேசையில் பதினைந்து வருடம் உட்கார்ந்திருந்தேன். ஒரு தோலைத் தடவினால் ஆடு எங்கே மேய்ந்தது, எந்த முள் கிழித்தது, உண்ணி எங்கே கடித்தது எல்லாம் சொல்வேன். வெட்டிப் போட்ட துண்டுகளைக் குப்பைக்கு அனுப்புவார்கள். எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் பழகினேன். முதலில் ரேஷன் கார்டுக்கு ஓர் உறை. பிறகு மகனுடைய சர்டிபிகேட்டுகளுக்கு ஒரு கோப்பு. இப்போது ஓசூரில் மகன் வீட்டில் அந்த சர்டிபிகேட்டுகள் ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கின்றனவாம். தோல் வாடை மருமகளுக்கு ஆகாதாம்.

"குழியில இருந்தவரு மேசைக்கு எப்பிடி வந்தீங்க?" என்று எழில் கேட்டாள்.

தொண்ணூற்று மூன்று தீபாவளி கழிந்து மாற்றினார்கள் என்றேன். இவ்வளவு போதும். இன்று கண் எரிகிறது.

ஜனவரி 30, திங்கள்

என் ஞாபக சக்தியைப் பற்றி எழில் எழுதச் சொல்கிறாள். அவளே கேட்டு, அவளே எழுதிக்கொள்கிறாள். சரி.

எழுத்து தெரியாதவனுக்கு ஞாபகத்தை விட்டால் எழுதி வைக்க வேறு இடம் இல்லை. என் கல்யாணத்துக்கு வந்தவர்கள் யார், எந்தப் பந்தியில் யார் பக்கத்தில் யார் என்று சொல்வேன். பாலாற்றில் கடைசியாக எந்த ஆவணியில் தண்ணீர் போனது என்று சொல்வேன். எழிலுடைய அம்மா கிளியம்மாள் கையால் நான் கடைசியாகக் கூழ் குடித்தது தொண்ணூற்று மூன்று ஐப்பசி பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை காலை. தொட்டுக்கொள்ள மோர் மிளகாய்.

"அன்னிக்குத்தானே எங்கப்பா..." என்றாள் எழில்.

ஆமாம். அன்றைக்குத்தான்.

அவளுக்கு அப்போது ஐந்து வயது. டேனரிக் கழிவுத் தொட்டியில் இறங்கிய துரைக்கண்ணு விஷவாயு தாக்கிச் செத்தான். குடித்துவிட்டுத் தானாக இறங்கினான் என்று விசாரணையில் முடிவாகிவிட்டது. அன்றிலிருந்து கிளியம்மாளுக்கு ஊரில் 'குடிகாரன் பெண்டாட்டி' என்று பெயர். பள்ளிக்கூடத்தில் தன்னையும் 'தொட்டிக் குடிகாரன் மவ' என்றுதான் கூப்பிட்டார்கள் என்று எழில் சொன்னாள்.

பிறகு, தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தப் பழைய விசாரணைக் காகிதங்களைக் கேட்டுத் தான் மனுப் போட்டிருப்பதாகச் சொன்னாள். இத்தனை வருடம் கழித்தும் ஆபீஸில் அந்தக் கட்டு இருக்கிறதாம். நகல் வருமாம்.

"அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியல பெரிப்பா. கண்ணு மூடறதுக்குள்ள எங்கப்பா குடிக்கலன்னு எதுலயாவது இருக்கான்னு பாக்கணும். அந்தக் காகிதத்தை வைக்க நல்லதா ஒரு தோல் கோப்பு செஞ்சு தருவீங்களா?"

செய்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 2, வியாழன்

ஏற்ற தோல் கிடைக்கவில்லை. எழிலிடம் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 4, சனி

நல்ல நூல் கிடைக்கவில்லை. பழைய காகிதத்தைக் கிளறி இனி என்ன ஆகப்போகிறது என்று எழிலிடம் கேட்டேன். செத்தவன் எழுந்து வருவானா?

"அவரு வர வேணாம் பெரிப்பா. அந்தப் பேரு போனா போதும்" என்றாள்.

பிப்ரவரி 7, செவ்வாய்

கன்றுத் தோல் ஒன்று வெகு நாளாகச் சுருட்டி வைத்திருந்தேன். என் மனைவி இருந்தபோது அவளுக்கு ஒரு கைப்பை செய்வதற்காக எடுத்தது. அதைப் பிரித்தேன். முதுகுப் பக்கம், கீறல் இல்லாத இடம். கத்தியைத் தீட்டி வெட்டினேன். எனக்கு ஸ்கேல் தெரியாது. சாணும் விரலும்தான் அளவு. நீளம் ஒன்றரைச் சாணும் ஒரு விரலும்.

வேலை செய்யும்போது நான் எதையும் யோசிப்பதில்லை. கை பார்த்துக்கொள்ளும்.

பிப்ரவரி 9, வியாழன்

ஓரம் சீவி முடிந்தது. குத்தூசியால் துளை போட்டு, மெழுகு நூலால் தைத்துக்கொண்டிருக்கிறேன். தோலில் துளையைத் தப்பாகப் போட்டால் போட்டதுதான். துணி மாதிரி அது மூடிக்கொள்ளாது.

எழில் வந்து தைக்கும்போது பார்த்தாள். உள்ளே நீளமான பை ஒன்று. அதன்மேல் இடது மூலையில் சின்னதாக இன்னொரு பை.

"இது எதுக்கு பெரிப்பா?"

"அழகுக்கு."

"நீங்க அழகுக்குன்னு ஒரு துளை கூடப் போட மாட்டீங்களே!"

வயசாகிவிட்டது, புத்தி மாறுகிறது என்றேன்.

பிப்ரவரி 13, திங்கள்

மெருகு ஏற்றுகிறேன். கால் வீக்கம்.

பிப்ரவரி 16, வியாழன்

தபால் வந்துவிட்டது. பழுப்பு உறை. எழில் அதை மேசையில் வைத்துப் பத்து நிமிடம் தொடாமல் இருந்தாள். பிறகு பிரித்தாள். படிக்கப் படிக்க முகம் சுருங்கியது.

ஊர் சொல்வதுதான் காகிதத்திலும் இருந்தது. கூட வேலை செய்த ஆள் ஒருவன் சாட்சி சொல்லியிருக்கிறான். குடிபோதையில், யாரும் அழைக்காமல், தானாகவே இறங்கினார் என்று. ஆனால் பெயர் வருகிற இடங்களிலெல்லாம் கறுப்பு மை அடித்து அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாம் நபர் விவரம் தரக்கூடாதாம். சட்டமாம்.

"பொய் சொன்னவன் பேரை மறைக்கறதுக்கு ஒரு சட்டம்" என்று சொல்லி அழுதாள். தண்ணீர் கொடுத்தேன். அந்த ஆள் இந்நேரம் செத்துப் போயிருப்பான், விட்டுவிடு என்றேன்.

கோப்புக்கு இன்னும் ஓரத்தில் மெழுகு தேய்க்க வேண்டும். நாளை மறுநாள் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். இன்று நல்ல பசி. இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன் என்பதையும் எழுதச் சொன்னேன். எழில் ஏன் என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 18, சனி

கோப்பைக் கொடுத்தேன். காகிதங்களை உள்ளே வைத்தாள். சரியாக இருந்தது.

மார்ச் 1, புதன்

பத்து நாள் இந்த டைரி வெறுமையாகக் கிடந்தது. இன்று மதியம் எழில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். போனேன். எதிரில் நாற்காலி போட்டு வைத்திருந்தாள். டைரி திறந்திருந்தது.

"பதினெட்டாம் தேதி இன்னா நடந்துச்சோ, அதைச் சொல்லுங்க. நான் எழுதறேன்."

பெரிப்பா என்று சொல்லவில்லை.

சொல்கிறேன். பதினெட்டாம் தேதி கோப்பை அவள் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தாள். மூன்று நீளத் தாள்களை எடுத்துப் பெரிய பைக்குள் விட்டாள். மேலேயும் மிச்சம் இல்லை, பக்கத்திலேயும் மிச்சம் இல்லை, அச்சில் வார்த்தது போல உட்கார்ந்தது. உறைக்குள் இன்னொரு காகிதமும் இருந்தது. துரை செத்ததற்கு வைத்தியர் எழுதிக் கொடுத்த அரைத் தாள், அதன் நகல். அதைக் கையில் வைத்துக்கொண்டு கோப்பைப் பார்த்தாள். இடது மூலைச் சின்னப் பைக்குள் விட்டாள். அதுவும் சரியாக உட்கார்ந்தது.

சின்னப் பையின் தையலை விரலால் தடவினாள்.

"நான் அளவே சொல்லல. காகிதம் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே நீங்க வெட்டிட்டீங்க. நீளத் தாளு ஆபீஸ் வழக்கம்னு வச்சுக்குவோம். இப்பிடி ஒரு அரைத் தாளு இருக்குன்னு எனக்கே தெரியாதே. உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

தைக்கும்போது நான் அந்த அரைத் தாளை நினைக்கவே இல்லை. சத்தியமாக நினைக்கவில்லை. மானேஜர் மேசையில், மூன்று நீளத் தாள்களுக்கு மேலே, இடது மூலையில் குண்டூசி குத்தி அது இருந்தது. முப்பது வருடம் கழித்து என் கை அதற்கு ஒரு பை தைத்துவிட்டது.

எழில் இந்த டைரியின் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். ஜனவரி இருபத்தொன்றில் நிறுத்தினாள். ரேஷன் கடையைப் பற்றி நான் சொல்லி அவளே எழுதிய பக்கம். அதன் பக்கத்தில் மூன்றாவது நீளத் தாளை வைத்தாள். கீழே விரல் பதிந்திருந்தது. பெயருக்கு மை அடித்தவர்கள் விரலை விட்டுவிட்டார்கள். கட்டை விரல் அகலம் இல்லை அது. பொடி விரல்.

"இது யாரு விரலு?"

"என்னுது."

பேனாவை மூடி, அன்றைக்கு எழுதிய ஒரு வரியோடு எழுந்து போய்விட்டாள்.

இன்று நான் சொன்ன பதில் இது. எழுதிக்கொள். எனக்குப் படிக்கத் தெரியாது. மேஸ்திரி கூட்டிக்கொண்டு போனார், மானேஜர் அறையில் மை டப்பாவை நீட்டினார்கள், விரல் வை என்றார்கள், வைத்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

எழில் எழுதி முடித்துப் படித்துக் காட்டினாள். பிறகு, "வெள்ளிக்கெழம லீவு. அம்மா உங்களைக் கூட்டியாரச் சொன்னாங்க" என்றாள்.

மார்ச் 4, சனி

நேற்று கிளியம்மாள் வீட்டுக்குப் போனேன். என் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு. முப்பது வருடமாக அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன்.

கட்டிலில் கிடந்தாள். பாதி ஆளாகிவிட்டாள். கண் மட்டும் பழைய கண்.

"வா ண்ணா. மூணு தெரு தாண்ட முப்பது வருசமா?"

எழில் ஸ்டூலைப் போட்டாள். கோப்பை மடியில் வைத்துக்கொண்டு காகிதங்களை எடுத்தாள். "அவருக்குப் படிக்கத் தெரியாதாம்மா. இன்னா எழுதியிருந்துச்சுன்னே தெரியாம கை நாட்டு வச்சாராம்" என்றாள்.

கிளியம்மாள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி அடங்க நேரம் பிடித்தது.

"யாரு? மாசிலாமணி அண்ணாவா? திருவிழாக் கூத்துல விடிய விடியப் பாடினதை மறுநா குழியில நின்னுக்கினு ஒரு அட்சரம் விடாம ஒப்பிப்பாருன்னு உங்கப்பா சொல்லிச் சொல்லி மாஞ்சு போவாரு. அந்தக் குமாஸ்தா படிச்சுக் காட்டாமயா கை நாட்டு வாங்கியிருப்பான்? கோர்ட்டுல கேட்டா சொல்லணுமே, அதுக்காவது படிச்சிருப்பான். சொல்லு ண்ணா. படிச்சானா?"

படித்தார். இரண்டு முறை படித்தார்.

"அப்பன்னா சொல்லு. நான் காதால கேக்கணும்."

கண்ணை மூடிக்கொண்டேன். வந்தது. ஒரு சொல் கூடத் தேட வேண்டியிருக்கவில்லை. 'மாசிலாமணி, தகப்பனார் பெயர் சின்னபையன், வயது நாற்பத்து நான்கு, மேற்படி தொழிற்சாலையில் சுண்ணாம்புக் குழித் தொழிலாளியாகிய நான், என் முழு மனதோடு எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம் என்னவென்றால்...' எழில் காகிதத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். கறுப்பு மை வந்த இடங்களில் விரல் நின்றது. நான் நிற்கவில்லை. எந்தக் கறுப்புக்கு அடியில் எந்தப் பெயர் என்று என் வாயால் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. என் பெயர் நான்கு இடம். துரைக்கண்ணு பெயர் ஏழு இடம். மேஸ்திரி பெயர் இரண்டு இடம். கடைசி வரிக்கு வந்தேன். 'மேற்படியார் குடிபோதையில் இருந்ததை என் கண்ணால் கண்டேன், அவரை யாரும் அழைக்கவில்லை, அவர் தானாகவே இறங்கினார், இது சத்தியம்.'

எழில், "ஒரு எழுத்து மாறலம்மா" என்றாள்.

"அவரு குடிச்சிருந்தாரா?" என்று கிளியம்மாள் கேட்டாள்.

"இல்ல. துரை அதைத் தொட்டதே இல்ல."

"இதைச் சொல்லத்தான் வந்தியா? இது எனக்குத் தெரியாதா? பொணத்தைக் கொண்டாந்து போட்டப்ப வாயோட வாய் வச்சு ஊதினவ நானு. சாராயமா நாறுச்சு? தொட்டி நாறுச்சு." எழிலைப் பார்த்துச் சொன்னாள். "அந்தப் பேரு போகணும்னு நீதான் அலைஞ்ச. எனக்கு அது ஒண்ணுமில்ல. நான் வேற ஒண்ணுக்காகக் கெடக்கறேன்."

எழிலுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எழுந்துகொள்ளப் பார்த்தேன். கால் வீக்கம், சட்டென்று எழ முடியவில்லை.

"ஒக்காரு ண்ணா. இந்தக் கண்ணை மூடறதுக்குள்ள ஒரே ஒரு கேள்வி. அன்னிக்கு ஞாயித்துக்கெழம. எம் மவளுக்குக் காது குத்தறோம்னு ரெண்டு நாளைக்கு லீவு சொல்லிட்டு வூட்ல இருந்தாரு. நீ வந்த. இதே வாசல்ல நின்ன. கூழு ஊத்திக் கொடுத்தேன், மோர் மொளகாயோட. குடிச்சுட்டு வாயைத் தொடைச்சுக்கினு, 'தொரை, மேஸ்திரி உன்னைக் கூப்புடறாரு'ன்னு சொன்ன. சட்டையை மாட்டிக்கினு உங்கூட வந்தாரு. யாரும் அழைக்கலன்னு எழுதிக் கொடுத்தியே, சரி, அது போவட்டும். மேஸ்திரி அன்னிக்கு யாரைக் கூப்புட்டாரு?"

எழில் என்னைப் பார்த்தாள். நான் மோர் மிளகாய்க் காம்பை அன்றைக்கு எந்தப் பக்கம் எறிந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கிணற்றுப் பக்கம்.

"தண்ணி வேணும்" என்றேன். எழில் கொடுத்தாள். குடித்தேன். தம்ளரைக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். யாரும் பின்னால் கூப்பிடவில்லை.

இன்று காலை நூலகம் திறக்கும் முன்பே வாசலில் போய் உட்கார்ந்தேன். எழில் வந்தாள். பூட்டைத் திறந்து, டைரியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள். நேற்று நடந்ததை எல்லாம் சொன்னேன். இதுவரை எழுதிவிட்டாள். பேனாவைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். வாசலில் யாரோ பேப்பர் படிக்க வந்து நிற்கிறார்கள்.

அன்றைக்குத் தொட்டியில் இறங்கும் முறை வந்தவனுக்கு அந்த நாற்றத்தின் பயம். முந்தின மாதம் இறங்கியபோது பாதி ஏணியில் கண் இருட்டிப்போனது, யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் லீவில் இருக்கிறவன் நல்ல திடமான ஆள், ஒரு தரம் இறங்கிவிட்டு வந்தால் என்ன என்று நினைத்தான். அதை இப்படி யாரோ ஒருவன் செய்தது போலச் சொன்னால் சொல்லிவிட முடிகிறது.

எழில் பேனாவை வைத்துவிட்டாள். இப்படிச் சொன்னால் எழுத மாட்டாளாம். முன்னால் எழுதியதையும் அடித்துவிடுவாளாம். நேராகச் சொல்ல வேண்டுமாம்.

எடு. எழுது. மேஸ்திரி கூப்பிட்டது என்னை.

அம்மாவிடம் போய் இதைப் படி. எனக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.